ராட்டினம் வந்துவிட்டது, அதன் புத்தகம் எங்கே?

பெருநாள் நெருங்கும்போது கண்டியைச் சுற்றியுள்ள எமது ஊர்களில் வழமையாக நடக்கும் காரியம் ஒன்று உண்டு. ஒரு விளையாட்டுக் கழகமோ பழைய மாணவர் சங்கமோ மைதானத்தைக் கேட்டுக் கடிதம் எழுதுகிறது. கார்னிவல் நடத்தும் ஒருவரோடு ஒரு தொகைக்குப் பேசி முடிக்கிறது. சில நாட்களில் லொறிகள் வந்து நிற்கின்றன. இரும்புக் குழாய்களும் சங்கிலிகளும் தொட்டில்களும் புல் தரையில் குவிகின்றன. ஓரிரு இரவுகள் கழிந்தால் அதே இரும்பு, வண்ண விளக்குகளோடு ஆகாயத்தில் சுழல்கிறது. அதற்குள் எமது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

குவியலாகக் கிடந்த இரும்பு பிள்ளைகளைச் சுமக்கும் இயந்திரமாக மாறிய அந்த ஓரிரு இரவுகளில், கார்னிவல்காரரின் ஆட்களைத் தவிர வேறு யாராவது அதைப் பார்த்தார்களா? ஒவ்வொரு போல்ட்டும் இறுகியிருக்கிறதா என்று யார் தட்டிப் பார்த்தார்? பார்த்தவர் எங்கே கையெழுத்திட்டார்? ஊர்க் கூட்டங்களில் மைதான வாடகை, பாட்டுச் சத்தம், பெண்களுக்குத் தனி நேரம், தொழுகை நேரத்தில் நிறுத்துவது என்பவை பற்றியெல்லாம் காரசாரமாகப் பேசுகிறோம். இந்தக் கேள்வி மட்டும் பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலுக்கு வருவதில்லை.

இது ஏன் அவசரமான கேள்வி என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு இயந்திரத்தின் பயணத்தைப் பின்தொடர்ந்து பார்ப்பது பயன்தரும். கண்டிக்கு அது வந்ததில்லை. ஆனால் அது போன பாதை எமக்கு மிகவும் பழக்கமான பாதை.

1984இல் ஜேர்மனியில் அன்டன் ஸ்வார்ஸ்கோப் என்பவரின் நிறுவனம் 'ட்ரையர் லூப்பிங்' என்ற ரோலர் கோஸ்டரைக் கட்டியது. தலைகீழாகச் சுற்றிவரும் மூன்று இரும்பு வளையங்கள் கொண்டது. பூங்கா ஒன்றில் நிரந்தரமாக நிற்பதற்காக அது செய்யப்படவில்லை. கழற்றி, லொறிகளில் ஏற்றி, ஊர் ஊராகச் சந்தைத் திடல்களில் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டது. 1996 வரை ஜேர்மனியின் சந்தைகளில் அப்படியே சுற்றியது. பிறகு விற்கப்பட்டது. மலேசியாவின் சன்வே லகூன் பூங்காவுக்குப் போனது. அங்கிருந்து 2000இல் இங்கிலாந்தின் பிளமிங்கோ லேண்டுக்கு வந்து வேறு பெயரில் ஓடியது. அதன்பின் மெக்சிக்கோ நகரின் சப்புல்தெபெக் பூங்காவிலுள்ள லா ஃபெரியாவில் 2007 முதல் 'கிமேரா' என்ற பெயரில் ஓடியது. 2019 செப்டம்பர் 28ஆம் திகதி, சனிக்கிழமை, அதன் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டுக் கழன்று விழுந்தது. இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். பராமரிப்பில் குறைபாடு இருந்ததாக அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். பூங்கா மூடப்பட்டது, நடத்திய நிறுவனத்தின் உரிமம் பறிக்கப்பட்டது.

முப்பத்தைந்து வருடம், நான்கு நாடுகள். ஒவ்வொரு சில மாதமும் கழற்றிப் பூட்டப்பட்ட காலத்தில்தான் இந்த இயந்திரத்துக்கு ஆபத்து அதிகம் என்று யாரும் நினைப்போம். ஆனால் அது ஆளைக் கொன்றது ஒரே இடத்தில் அசையாமல் நின்ற காலத்தில். இரும்புக்கு வயதாகியிருந்தது உண்மை. அதைவிட முக்கியமான இன்னொன்றும் மாறியிருந்தது. அதைச் சொல்வதற்கு முன், இந்த இயந்திரங்கள் எப்படி ஆளைத் தாங்குகின்றன என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

வளைய ரோலர் கோஸ்டரின் பெட்டிக்குச் சக்கரம் மூன்று பக்கமும் உண்டு. ஒன்று குழாயின் மேல் உருள்கிறது, ஒன்று பக்கவாட்டில் பிடிக்கிறது, ஒன்று அடியிலிருந்து பெட்டி மேலே எழாமல் தடுக்கிறது. பெட்டி தலைகீழாகும்போது ஆள் விழாமல் இருப்பதற்கு வேகமே காரணம். வாளித் தண்ணீரை வேகமாகச் சுழற்றினால் சிந்தாமல் இருப்பது போல. வளையம் முழு வட்டமாக இருந்தால் அடியில் நுழையும் கணத்தில் உடம்பின் பாரம் திடீரெனப் பல மடங்காகிக் கழுத்து முறியும். நூறு வருடங்களுக்கு முன்னர் அமெரிக்காவில் கட்டப்பட்ட வட்ட வளையங்கள் இந்தக் காரணத்தாலேயே கைவிடப்பட்டன. 1976இல் கலிபோர்னியாவில் ஸ்வார்ஸ்கோப்பும் பொறியியலாளர் வெர்னர் ஸ்டெங்கலும் கண்ணீர்த்துளி வடிவில் வளையத்தை அமைத்த பிறகுதான் இது பரவலானது. அதே இருவரின் கைவண்ணத்தில் 1989இல் வந்தது 'ஒலிம்பியா லூப்பிங்'. ஐந்து வளையங்கள், 32.5 மீற்றர் உயரம், 1,250 மீற்றர் நீளம். இன்றும் மியூனிக் ஒக்டோபர் விழாவுக்கும் லண்டன் ஹைட் பார்க் குளிர்காலச் சந்தைக்கும் லொறிகளில் போய் வருகிறது. இடம்பெயரும் ரோலர் கோஸ்டர்களில் உலகிலேயே பெரியது அதுதான்.

இத்தனை பாரத்தையும் வேகத்தையும் தாங்குவது வெல்டிங் ஒட்டுகளும் அச்சுகளும் பின்களும்தான். ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிவதைப் பார்த்திருப்போம். அதேபோல இரும்பும் களைக்கிறது. முதலில் ஒட்டின் ஓரத்தில் தலைமுடி அளவு வெடிப்பு விழுகிறது. பெயின்ற் அதை மறைத்துவிடுகிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெயின்றைச் சுரண்டி, சாயம் பூசியோ காந்தத்தாலோ ஒலி அலையாலோ சோதிக்க வேண்டும். கார்னிவல் இயந்திரம் ஒன்று பளபளவென்று புதுப் பெயின்றோடு நின்றால் பெற்றோருக்கு மனநிம்மதி. சோதிக்கத் தெரிந்தவருக்கு அதுவே முதல் சந்தேகம்.

இப்போது அந்த இன்னொன்றுக்கு வருவோம்.

ஜேர்மனியில் இப்படி ஊர் ஊராகப் போகும் ராட்டினங்களையும் கூடாரங்களையும் சட்டம் 'பறக்கும் கட்டுமானங்கள்' என்று அழைக்கிறது. வீட்டுக்குக் கட்டட அனுமதி வேண்டும் என்பதுபோல இவற்றுக்கும் அனுமதி வேண்டும். அந்த அனுமதி நிரந்தரமானதல்ல, அதிகபட்சம் ஐந்து வருடம். அதன்பின் திரும்பவும் சோதித்து நீடிக்க வேண்டும். அனுமதியோடு ஒரு பரிசோதனைப் புத்தகம் தரப்படுகிறது. வரைபடம், கணக்கு, எப்போது யார் சோதித்தார், என்ன குறை கண்டார், உரிமையாளர் மாறினாரா என்பதெல்லாம் அதில் ஏறும். இயந்திரம் எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் புத்தகத்தோடு போக வேண்டும். ஊருக்குள் வந்ததும் அவ்வூரின் கட்டட அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் விரும்பினால் வந்து, பூட்டி முடித்ததைப் பார்த்து, புத்தகத்தில் எழுதுவார்கள். ஆபத்து என்று கண்டால் ஓடவிடாமல் தடுப்பார்கள். உடனே திருத்த முடியாத குறை என்றால் புத்தகத்தையே பறிமுதல் செய்யலாம். புத்தகம் இல்லாமல் அடுத்த ஊரில் பூட்ட முடியாது. ஓட்டுநரிடமிருந்து சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸார் வாங்கி வைத்துக்கொள்வது போலத்தான்.

ஜேர்மனியில் விபத்தே நடக்கவில்லை என்று சொல்லவரவில்லை. 1981இல் ஹம்பர்க் சந்தையில் சுழன்றுகொண்டிருந்த ராட்டினம் ஒன்றில் பாரந்தூக்கியின் கை மோதி ஏழு பேர் இறந்தார்கள். எந்த ஏற்பாடும் பிழைவிடும். ஆனால் ட்ரையர் லூப்பிங் அங்கே பன்னிரண்டு வருடம் கழற்றிக் கழற்றிப் பூட்டப்பட்டபோது, ஒவ்வொரு தடவையும் உரிமையாளருக்குக் கடன்படாத ஒரு கண் அதைப் பார்க்கும் வாய்ப்பு இருந்தது. இயந்திரத்தை விற்கலாம், கப்பலில் ஏற்றலாம். அந்தக் கண்ணைக் கப்பலில் ஏற்ற முடியாது. போகும் நாடு தானே அதை உண்டாக்க வேண்டும்.

இரண்டாம் கை, மூன்றாம் கைப் பொருட்கள் கடைசியாக வந்து சேரும் இடத்தில் வாழ்பவர்கள் நாங்கள். பஸ், வேன், தையல் இயந்திரம், வைத்தியசாலை உபகரணம் என்று எதை எடுத்தாலும் அப்படித்தான். ராட்டினங்களும் அப்படித்தான் வருகின்றன, அல்லது உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் பண்ணிச் செய்யப்படுகின்றன. உள்ளூர்ப் பட்டறைக்காரரின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. கணக்குப் போட்ட தாள் இருக்கிறதா, அதை இன்னொருவர் சரிபார்த்தாரா என்பதுதான் கேள்வி.

அயலில் நடந்தவற்றைப் பாருங்கள். 2019 ஜூலை 14ஆம் திகதி அகமதாபாத் கங்காரியா ஏரிப் பூங்காவில் ஊசலாடும் ராட்டினத்தின் பிரதான தண்டு உடைந்து இரண்டு பேர் இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் பஞ்சாபின் மொகாலியில் சந்தைத் திடலில் நின்ற உயரக் கோபுர ராட்டினம், ஆட்களோடு அப்படியே நிலத்தில் வந்து மோதியது. அந்தக் காணொளி எமது வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. வசதி குறைந்த நாடுகளின் பிரச்சினை இது என்று ஒதுக்கவும் முடியாது. 2025 ஜூலை இறுதியில் சவூதியின் தாயிப், அல்-ஹதா பகுதிப் பூங்காவில் ஊசல் ராட்டினத்தின் தண்டு நடுவானில் முறிந்து 23 பேர் காயப்பட்டார்கள். உம்ராவுக்குப் போகும் எமது குடும்பங்கள் ஸியாரத்தோடு சேர்த்துப் போய்வரும் மலைப்பகுதி அது.

எமது நாட்டில் இதே கேள்வி வேறு உருவங்களில் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டியது.

2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மக்களை ஏற்றிய இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. அதன்பிறகு விசாரணை எங்கே போய் நின்றது என்பது நினைவிருக்கும்: படகு ஓட அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வியில். நகர சபைத் தலைவரே கைதானார். அனுமதி என்பது வெறும் கடதாசி என்று நினைத்திருந்த எமது உள்ளூராட்சி உறுப்பினர்கள் அனைவருக்கும் அது ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 24 இரவு, குருநாகல் மாவட்டம் மெல்சிரிபுரவிலுள்ள நாவுயன ஆரண்ய சேனாசனத்தில், மலைச் சரிவில் பிக்குகளை ஏற்றியிறக்கிய கேபிள் வண்டியின் கம்பி அறுந்தது. பதின்மூன்று பேரில் ஏழு பிக்குகள் இறந்தார்கள், வெளிநாட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். தண்டவாளத்தில் இழுக்கப்படும் பெட்டி, ஒரு கம்பி, ஒரு மோட்டார். ரோலர் கோஸ்டரின் ஏற்றத்துக்கும் அதற்கும் இயந்திரவியல் ரீதியில் பெரிய வேறுபாடு கிடையாது. வேடிக்கைக்காக ஓடினாலென்ன, தியானத்துக்காக ஓடினாலென்ன, கம்பிக்கு அது தெரியாது.

சட்டப் பக்கம் பார்த்தால் எம்மிடம் கட்டளைச் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பொதுக் காட்சிகள் தொடர்பாக 1912இல் ஒன்று. தொழிற்சாலை இயந்திரங்கள், பாரந்தூக்கிகள் தொடர்பாக 1942இல் ஒன்று. களியாட்டங்களின் நுழைவுச்சீட்டுக்கு உள்ளூராட்சி மன்றம் வரி அறவிட 1946இல் ஒன்று. முதலாவது மேடை நாடகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. இரண்டாவது தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே வேலை செய்யும் தொழிலாளியை மனதில் வைத்தது. மூன்றாவது சபையின் வருமானத்தை. லொறியில் வந்து, மூன்று நாள் ஆகாயத்தில் பிள்ளைகளைச் சுழற்றிவிட்டு, நான்காம் நாள் அடுத்த ஊருக்குப் போகும் இரும்பை மனதில் வைத்து இவை எதுவும் எழுதப்படவில்லை. மைதானத்துக்கு ஆட்களை ஏற்றி வரும் முச்சக்கர வண்டிக்கு வருடா வருடம் புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் வேண்டும். இறங்கிய பிறகு ஏறும் வண்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது கடினம்.

அதனால் என்ன நடக்கிறது? ஏற்பாட்டுக் குழு, "சபை அனுமதி தந்திருக்கிறது" என்கிறது. சபையின் கோப்பில் இருப்பது மைதானத்துக்கும் வரிக்குமான அனுமதி. பொலிஸார் கவனிப்பது வாகன நெரிசலையும் ஒலிபெருக்கியையும். கார்னிவல்காரர், "பதினைந்து வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை" என்கிறார். எல்லோரும் உண்மைதான் சொல்கிறார்கள். நால்வரும் சொல்லிமுடித்த பிறகும் அச்சுத் தண்டை ஒருவரும் பார்க்கவில்லை.

கண்டிப் பகுதிக்கென்று தனிக் கஷ்டங்கள் சில உண்டு. ஊர் ஊராகப் போகும் இயந்திரத்துக்கு அத்திவாரம் கிடையாது. மரக் கட்டைகளை அடுக்கி மட்டம் பார்த்து அதன்மேல் நிறுத்துகிறார்கள். உலகெங்கும் இதுவே முறை, அதில் பிழையில்லை. ஆனால் அந்த முறை நிலம் உறுதியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கெட்டம்பே மைதானம் மகாவலிக் கரையில் இருக்கிறது. அக்குறணையில் பிங்கா ஓயா பெருகினால் கடைத்தெருவே தண்ணீருக்குள் போய்விடும். மலையூர்களில் மைதானம் என்பது பெரும்பாலும் ஒருபக்கம் வெட்டி மறுபக்கம் மண் நிரப்பிச் சமப்படுத்தியது. நிரப்பிய பக்கம் மழைக்கு இறங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தை என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உறுதியானது என்று நம்பியிருந்த எத்தனை சரிவுகள் ஒரே இரவில் நகர்ந்தன. வியாழக்கிழமை மட்டம் பார்த்து நிறுத்திய ராட்டினம், வெள்ளி இரவு மழைக்குப் பிறகு சனிக்கிழமை அதே மட்டத்தில் நிற்கிறதா? ஒரு கால் இரண்டு அங்குலம் இறங்கினால் அந்தப் பாரம் முழுவதும் ஏனைய கால்களின் ஒட்டுகளுக்குப் போகிறது. ஒவ்வொரு காலையும் நீர்மட்டக் குழாய் ஒன்றை வைத்துப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். பார்க்கச் சொல்லி யாரும் எழுதி வைக்காததால் அது அந்தந்த ஆளின் நல்ல மனதைப் பொறுத்தது.

மின்சாரமும் அப்படித்தான். ஜெனரேட்டரிலிருந்து ஈரப் புல்லின் மேல் இழுக்கப்பட்ட வயர், ஒட்டுப் போட்ட இடத்தில் பிளாஸ்டிக் டேப், முறையான நில இணைப்பு இல்லாத இரும்புச் சட்டம். உயரத்திலிருந்து விழுவதைப் பற்றித்தான் பயப்படுகிறோம். வரிசையில் நின்று இரும்பு வேலியைப் பிடித்திருக்கும் பிள்ளையைப் பற்றி யோசிப்பதில்லை.

எமது பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சம்பந்தப்பட்ட விடயம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சுழலும் அச்சு, பெல்ட், சக்கரம் ஆகியவற்றுக்கு மூடி இல்லாத இயந்திரத்தில் ஷோலின் நுனியோ அபாயாவின் ஓரமோ கூந்தலோ சிக்கினால் மோட்டாரை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதற்குத் தீர்வு பெண்கள் வரக்கூடாது என்று சொல்வதல்ல. மூடி போடாத இயந்திரத்தை மைதானத்துக்குள் விடாமல் இருப்பதும், ஏற்றும் இடத்தில் ஒரு பெண் ஊழியர் நின்று துணியைச் சரிசெய்துவிட்டே கம்பியைப் பூட்டுவதும்தான். ஏற்பாட்டுக் குழுக்களில் பெண்கள் இருந்திருந்தால் இது என்றோ பேசப்பட்டிருக்கும்.

கார்னிவல் என்றதும் எம்மிடையே எழும் இரண்டு குரல்களையும் தாண்டித்தான் இந்தப் பேச்சு நகர வேண்டியிருக்கிறது. ஒன்று, இந்தக் களியாட்டமெல்லாம் எமக்கு எதற்கு, நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது. இசை, கலப்பு, சூதாட்டக் கடை என்று ஆட்சேபிக்க வேண்டியவை இருந்தால் ஆட்சேபிக்கலாம். ஆனால் பெருநாளில் ராட்டினம் ஏறுவது நேற்று வந்த பழக்கமில்லை. 1615இல் கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்த ரோம் நகரப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, ரமழானை ஒட்டிய விழாவில் பெரிய மரச் சக்கரம் ஒன்றில் தானும் ஏறிச் சுற்றியதை எழுதியிருக்கிறார். இன்றைய ஜயன்ட் வீலின் மூதாதை அது. உஸ்மானிய முஸ்லிம்கள் நானூறு வருடத்துக்கு முன்னரே பெருநாள் சந்தையில் பிள்ளைகளைச் சுற்றவிட்டார்கள். எங்கள் ஊரில் நிறுத்தினால் பிள்ளைகள் அடுத்த ஊருக்குப் போவார்கள், அங்கேயும் அதே இயந்திரம்தான் நிற்கும்.

மற்றக் குரல் இன்னும் ஆபத்தானது. விபத்து நடந்த பிறகு, "அல்லாஹ்வின் நாட்டம், யார் என்ன செய்யலாம்" என்று விடயத்தை மூடிவிடுவது. ஜனாஸா வீட்டில் ஆறுதலாகச் சொல்வதற்கு அது பொருத்தம். ஏற்பாட்டுக் குழுவின் கூட்ட அறிக்கையில் எழுதுவதற்குப் பொருத்தமில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில், இந்த ஒட்டகத்தைக் கட்டுவது அச்சுத் தண்டைச் சோதிப்பதாகத்தான் இருக்கும். ஷரீஆவின் நோக்கங்களை உலமாக்கள் எண்ணும்போது உயிர்ப் பாதுகாப்பு முதல் வரிசையில் வருகிறது.

இது வெறும் உபதேசமாகவும் இருக்கவில்லை, நிர்வாகமாக இருந்தது. ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் அல்-மாவர்தீ, ஆட்சிமுறை பற்றி எழுதிய அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் முஹ்தஸிபின் கடமைகளைச் சொல்லும்போது ஒரு விடயத்தைக் குறிப்பிடுகிறார்: கப்பல்காரர்கள் தாங்க முடியாத பாரத்தை ஏற்றுவதையும், கடுங்காற்றில் புறப்படுவதையும் முஹ்தஸிப் தடுக்க வேண்டும். சற்று நின்று யோசியுங்கள். பயணி சம்மதித்துத்தான் ஏறுகிறார், கப்பல்காரர் தன் சொந்தக் கப்பலைத்தான் ஓட்டுகிறார். ஆனாலும் இருவருக்கும் இடையில் மூன்றாம் ஒருவர் வந்து நிற்கிறார். ஏனென்றால் பயணிக்குக் கப்பலின் அடிப்பாகம் தெரியாது, கப்பல்காரருக்குக் கூலி தேவை. ஜேர்மனியின் பரிசோதனைப் புத்தகத்துக்குப் பின்னாலுள்ள நியாயமும் இதுதான். குறிஞ்சாக்கேணியில் இல்லாமல் போனதும் அந்த மூன்றாம் ஆள்தான்.

அந்த மூன்றாம் ஆளைக் கண்டியில் எங்கே தேடுவது? கெட்டம்பே மைதானத்திலிருந்து பேராதனை வீதியால் கொஞ்ச தூரம். அக்பர் பாலத்தைக் கடந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். நாட்டின் மூத்த பொறியியல் பீடம் கார்னிவல் திடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஊர் வேறு எது? இயந்திரப் பொறியியலும் குடிசார் பொறியியலும் படித்த எமது சமூகத்துப் பட்டதாரிகள் அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் நிறையவே இருக்கிறார்கள். இடம்பெயரும் ராட்டினங்களுக்கான சர்வதேசத் தரநிலையும் 2015 முதல் ஐஎஸ்ஓ 17842 என்ற இலக்கத்தில் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

நாடளாவிய சட்டம் வர வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அது பாராளுமன்றத்தின் வேலை, காலம் எடுக்கும். அதற்கிடையில் உள்ளூராட்சி மன்றங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. மைதானம் சபையுடையது, வாடகைக்குக் கொடுப்பதும் சபை. வாடகை நிபந்தனையில் எதைச் சேர்ப்பது என்பது பெருமளவு அவர்கள் கையில் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் கிடந்த சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் உறுப்பினர்களை அனுப்பியிருக்கிறோம். கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

எதைக் கேட்பது என்பதில் அவதானம் வேண்டும். 2024 மே 25ஆம் திகதி குஜராத்தின் ராஜ்கோட்டில் விளையாட்டு அரங்கொன்று தீப்பற்றிப் பிள்ளைகள் உட்பட 27 பேர் இறந்த பிறகு, அந்த மாநிலம் ராட்டினங்களுக்கும் கடும் விதிகளைக் கொண்டுவந்தது. கொங்கிரீட் அத்திவாரம் வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. சில நாட்கள் நின்றுவிட்டுப் போகும் ராட்டினத்துக்குக் கொங்கிரீட் போட முடியாது என்று, அவ்வருட ஜன்மாஷ்டமிச் சந்தையிலிருந்து ராட்டினக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். நிறைவேற்ற முடியாத விதி போட்டால் ஒன்றில் தொழில் செத்துவிடும், அல்லது லஞ்சம் கொடுத்து ஓடும். எமது சூழலில் இரண்டாவதுதான் நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை.

கார்னிவல் தொழிலாளர்களையும் மறக்கக் கூடாது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக, வருடத்தில் பெரும்பகுதி கூடாரத்திலும் லொறியிலும் கழிக்கும் ஏழைக் குடும்பங்கள். இயந்திரம் உடைந்தால் முதலில் அடிபடுபவர் அதன் அடியில் நிற்கும் பையன்தான். மரணக் கிணற்றின் பலகைச் சுவர் தளர்ந்தால் அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞனுக்குத்தான் முதல் ஆபத்து. ஒழுங்காகப் பராமரிக்கும் உரிமையாளருக்குப் பரிசோதனை நட்டமில்லை. பராமரிப்பில் மிச்சம் பிடித்து வாடகையைக் குறைத்துக் கேட்கும் போட்டிக்காரரிடமிருந்து அவரைக் காப்பாற்றும் வழி அது.

ஆகவே சின்னதாகத் தொடங்கலாம். தரையோடு சுற்றும் சிறுபிள்ளைகளின் குதிரைச் சக்கரத்துக்கும், ஆளைத் தலைகீழாக்கும் இயந்திரத்துக்கும் ஒரே அளவு சோதனை வேண்டியதில்லை. உயரமாகப் போவது, வேகமாகச் சுழல்வது, தலைகீழாவது ஆகிய மூன்றுக்கு மட்டும், பூட்டி முடித்த பிறகு தகுதிபெற்ற பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். அவரின் கட்டணத்தை ஏற்பாட்டுக் குழு செலுத்த வேண்டும். கார்னிவல்காரர் செலுத்தினால் அந்தக் கண்ணுக்கும் கடன் ஏறிவிடும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு கொப்பி: எந்த வருடம் செய்யப்பட்டது, யாரிடமிருந்து வாங்கப்பட்டது, கடைசியாக எந்த ஒட்டு எப்போது திருத்தப்பட்டது. ஒவ்வொரு நாளும் ஓட்டத்துக்கு முன்னர் மட்டம், பின், பூட்டு, வயர் பார்த்து நேரத்தோடு ஒரு வரி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி. மழை பெய்தால் எப்போது நிறுத்துவது, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று பெயரோடு ஒரு தாள். இதற்கெல்லாம் செலவாகும், டிக்கெட் கொஞ்சம் கூடும், ஏற்பாட்டுக் குழுவின் இலாபம் குறையும். பள்ளிவாசல் கட்டட நிதிக்கோ பாடசாலைக் கூரைக்கோ சேர்க்கும் பணத்தில் அந்தக் குறைவைத் தாங்க எமது ஊர்களுக்குச் சக்தி இருக்கிறது.

வரும் பெருநாளுக்கு மைதானம் கேட்டு எழுதப்போகும் கழகங்கள் சபை விதி போடும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கார்னிவல்காரரோடு எழுதும் ஒப்பந்தத்திலேயே இந்த நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கொப்பியும் கையெழுத்தும் இல்லாமல் வந்தால் இந்த முறை சிறுபிள்ளைகளின் குதிரைச் சக்கரம் மட்டும் ஓடட்டும், பெரியவை லொறியிலேயே இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். லொறி வந்து இறங்கிய பிறகு, முற்பணம் கைமாறிய பிறகு, பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அதைச் சொல்ல எந்தச் செயலாளருக்கும் தைரியம் வராது.